ஷ்வாங்காவ் அன்னம்: கேள்வி பதில்

ஜெர்மனியின் தென்கோடியில், பவேரிய ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் ஷ்வாங்காவ். மக்கள்தொகை சுமார் 3,300. நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்க உலகமே வந்துபோகும் இடம். ஊராட்சியின் சின்னம், சிவப்புக் கேடயத்தில் ஒரு வெள்ளை அன்னம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: கோட்டை கட்டிய மன்னர் இரண்டாம் லுட்விக்கின் நினைவாகத்தானே இந்த அன்னம்?

ப: சுற்றுலா வழிகாட்டிகள் புண்ணியத்தில் பரவிய எண்ணம் இது. நடந்தது நேர்மாறு. இடைக்காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட ஷ்வாங்காவ் பிரபுக்களின் குலச்சின்னம் அன்னம். அக்குலத்தில் பிறந்த ஹில்ட்போல்ட் காதல் பாடல்கள் இயற்றிய கவிஞர். சுமார் 1300 முதல் 1340 வரை உருவான மானெஸ்ஸே சுவடி என்ற பாடல் தொகுப்பில், அன்னச் சின்னத்தோடு இரு பெண்களுக்கு நடுவே அவர் நடனமாடும் ஓவியம் இருக்கிறது. சுவடி இன்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில். 16-ஆம் நூற்றாண்டில் குலம் அற்றுப்போனது. அன்னம் ஊரோடு தங்கிவிட்டது. லுட்விக் கோட்டைப் பணியைத் தொடங்கியதோ 1869-இல்!

கே: அப்படியானால் இசையமைப்பாளர் வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசை நாடகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா?

ப: சின்னத்துக்கு இல்லை. மன்னருக்கு உண்டு. லுட்விக்கின் தந்தை மாக்சிமிலியன், இளவரசராக இருந்தபோது 1832-இல் இங்கிருந்த வேறொரு பாழடைந்த கோட்டையை வாங்கிப் புதுப்பித்தார். ஊர்ப் பெயருக்கும் அன்னத்துக்கும் பொருத்தமாக, அன்னம் இழுக்கும் படகில் வரும் வீரனின் கதையைச் சுவர்களில் தீட்டச் செய்தார். அதே வீரனின் கதையைச் சொல்லும் வாக்னரின் நாடகம் மேடையேறியது 1850-இல். அந்தச் சுவரோவியங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவன் லுட்விக் 1861-இல் நாடகத்தைக் கண்டதும் மயங்கியதில் வியப்பென்ன!

கே: அருகிலுள்ள ஏரியில் அன்னங்கள் நீந்துவதால் வந்ததாக இருக்கலாமே?

ப: ஏரியைத் தேடிப் போகவேண்டாம். ஜெர்மன் மொழியில் ‘ஷ்வான்’ என்றால் அன்னம். பெயரையே படமாக வரைந்துவிடுவது பிரபுக்களிடையே பெருவழக்கு. எழுத்தறியாத வீரனும் கொடியைப் பார்த்தே ஆளை அறிந்துகொள்வான்.

கே: சிவப்பு வீரத்தையும் வெள்ளை தூய்மையையும் குறிக்கின்றனவா?

ப: இத்தகைய விளக்கங்கள் பெரும்பாலும் பிற்காலத்தவர் ஒட்டியவை. கேடயச் சின்னங்களை வரையும் கலையில் பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு போன்றவை நிறம். நிறத்தின்மேல் உலோகம், உலோகத்தின்மேல் நிறம் என்பது விதி. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வெள்ளை என்று காண்பதும் விதிப்படி வெள்ளியே.

கே: இந்தச் சின்னத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்கலாமா?

ப: ஊராட்சியின் அனுமதி இல்லாமல் கூடாது. பவேரிய ஊராட்சிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வெறும் அன்னம் வரைந்து விற்க யாரும் தடை சொல்லமாட்டார்கள். சிவப்புக் கேடயத்துக்குள் வைத்தால்தான் சிக்கல்.