தாத்தா 85 வரைக்கும் வயல்ல நின்னாரு, அப்பாவுக்கு 66லயே முடியல, ஏன்?

கேள்வி: எங்க தாத்தா 85 வயசு வரை மாத்திரையே போட்டதில்ல, வயல் வேலையும் விடல. அப்பாவுக்கு 66தான், அதுக்குள்ள சுகர், பிரஷர், முட்டி வலி. சேர்லேர்ந்து கையை ஊனித்தான் எழுந்திரிக்கிறாரு. தலைமுறைக்கு தலைமுறை உடம்பு மோசமாகுதா டாக்டர்?

பதில்: முதல்ல ஒண்ணு பண்ணுங்க, தாத்தா கூடப் பொறந்தவங்கள்ல எத்தனை பேரு 60ஐ தாண்டுனாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. சுதந்திரம் வாங்குனப்ப இந்தியாவுல சராசரி ஆயுளே 32 வயசு கிட்டதான், அம்மை, காலரா, டிபின்னு சின்ன வயசுலயே போனவங்க போக தப்பிச்ச கெட்டி ஆளைத்தான் நீங்க பாத்திருக்கீங்க. அவருக்கும் பிரஷர் இருந்திருக்கலாம், யாரு அளந்து பாத்தா?

ஆனா சுகர் நிஜமாவே கூடிருச்சு. 1970கள்ல ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) கணக்கெடுத்தப்ப டவுன்லயே 2 சதவீதம் சொச்சம் பேருக்குத்தான், 2023ல வந்த அவங்க ஆய்வுல தமிழ்நாட்டுல 14.4 சதவீதம். உக்காந்தே பாக்குற வேலை, தட்டு நிறைய சோறு, வயித்துல கொழுப்பு, கூடவே தசையும் கரையுது.

அதுக்காக அடுத்த தலைமுறைன்னாலே வீக்னு நினைக்காதீங்க. பின்லாந்துல 1989-90ல 75, 80 வயசுல இருந்தவங்களையும் 2017-18ல அதே வயசுல இருந்தவங்களையும் டெஸ்ட் பண்ணாங்க, பின்னாடி வந்தவங்க வேகமா நடந்தாங்க, கைப்பிடி பலமே 5லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் அதிகம். அவங்க உடம்பை அசைக்கிறதும் கூட, படிப்பும் கூட.

அப்பாவுக்கு கையை மாருல கட்டிக்கிட்டு சேர்லேர்ந்து அஞ்சு தடவை எழுந்து உக்கார எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, பக்கத்துலயே நில்லுங்க. 12 செகண்டுக்கு மேல ஆனாலோ, கை ஊனாம முடியவே இல்லன்னாலோ காலுல பலம் குறைஞ்சிருக்கு. அப்ப சேரை சுவத்தோட ஒட்டிப் போட்டு, மேல ஒரு குஷன் வச்சு உயரமாக்கி, அதே எழுந்து உக்கார்றதையே தினமும் முடிஞ்ச அளவு செய்யச் சொல்லுங்க. உக்காந்தபடியே காலை நேரா நீட்டி கொஞ்ச நேரம் பிடிக்கிறது முட்டிக்கும் நல்லது. வாக்கிங் மட்டும் போனா போதும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, தசைக்கு அது பத்தாது.

சோத்தைக் குறைச்சு முட்டை, பயறு, மீன் கூட்டலாம், ஆனா சுகர்காரர்ங்கிறதால முதல்ல கிட்னி எப்படி இருக்குன்னு கிரியாட்டினின், யூரின் ஆல்புமின் டெஸ்ட் பாத்துருங்க. தாத்தா போடலையேன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க (இப்படி நிறுத்திட்டு வர்றவங்க இருக்காங்க!), மாத்திரை வாங்கப் போறது அலைச்சல்னா தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே தர்றாங்க, பிசியோதெரபியும் உண்டு. இன்சுலினோ கிளிமிப்ரைடுங்கிற சுகர் மாத்திரையோ எடுக்குறாருன்னா வெறும் வயித்துல எக்சர்சைஸ் வேணாம், லோ சுகர் ஆகும். நெஞ்சு அடைச்சா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.