மோட்டரை அளந்த பிறகே லிப்ட்

கேள்வி: என்னிடம் மக்கிட்டா ஆர்.டி.0700 ரவுட்டர் (மரத்தில் தவாளிப்பும் ஓர வடிவமும் வெட்டும் கைமெஷின்) இருக்கிறது. படச்சட்டமும் அலமாரிக் கதவும் செய்கிறேன். இதற்கே ஒரு லிப்ட் (ரவுட்டரைத் தலைகீழாகப் பிடித்து ஏற்றி இறக்கும் சாதனம்) வாங்கி மேசைக்கடியில் பூட்டலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: படச்சட்டத்துக்குத் தாராளமாகப் போதும். கதவுதான் இடிக்கிறது. உங்களுடையது 710 வாட் ரவுட்டர். கதவின் நடுப்பலகையைச் சரித்துச் சீவும் பிட் (வெட்டும் அலகு) 80, 90 மி.மீ. அகலம் இருக்கும், அதன் தண்டு 12 அல்லது 12.7 மி.மீ. உங்கள் கொலட்டில் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாயில்) அது நுழையவே நுழையாது. கதவு வேலை தொடருமென்றால் இந்த ரவுட்டருக்கு லிப்ட் வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள்.

லிப்ட் பிடிப்பது மோட்டரின் உடம்பை. அதன் விட்டம் உங்கள் ரவுட்டருக்கு 65 மி.மீ., நடுத்தர ரவுட்டர்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 89, அமெரிக்கப் பெரிய மோட்டருக்கு 107. அதனால் லிப்ட் வாங்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போகும்போது வேர்னியரை (விட்டம் அளக்கும் கருவியை) கையோடு கொண்டுபோய், ரவுட்டரை அடித்தட்டிலிருந்து கழற்றி, உடம்பை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். அடித்தட்டு கழராத பிளஞ்ச் ரவுட்டர் (ஸ்பிரிங்கை அழுத்தி மோட்டரை மரத்துக்குள் இறக்கும் வகை) இவ்வகை லிப்டில் உட்காராது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மோட்டர் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும்.

இன்னொரு வழி, என் மனதுக்குப் பிடித்த வழியும் அதுதான்: ட்ரைட்டன் டி.ஆர்.ஏ.001 போல, மேசைக்கு மேலிருந்தே கைபிடி போட்டு உயர்த்தும் வசதி உள்ளேயே இருக்கும் ரவுட்டர். 2400 வாட். தனி லிப்ட் தேவையில்லை, அதை மேசையில் பொருத்த ஒரு தட்டு போதும். மேசையில் பூட்டுமுன் அதன் பிளஞ்ச் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உயர்த்தும்போதெல்லாம் மோட்டரின் பாரத்தோடு ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டிவரும்.

கேள்வி: லிப்ட் பூட்டிவிட்டேன். 12 மி.மீ. ஆழத்துக்கு வைத்துத் தவாளிப்பு வெட்டினால், நாலைந்து பலகைக்குப் பிறகு 11.6தான் வருகிறது. பிட் மழுங்கிவிட்டதா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: பிட்டில் குறையில்லை. மழுங்கினால் வெட்டு கருகும், ஓரம் சிலும்பும். ஆழம் அப்படியேதான் இருக்கும். ஆழம் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைப் பாருங்கள். கூடிக்கொண்டே போனால் பிட் கொலட்டிலிருந்து மேலே நழுவுகிறது. தண்டில் கொலட் நட்டை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டால் தெரிந்துவிடும். உங்களுக்குக் குறைகிறது, ஆகவே மோட்டர் கீழே இறங்குகிறது. லிப்ட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 16 மரை கொண்டதென்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 1.6 மி.மீ. நீங்கள் இழப்பது சரியாகக் கால் சுற்று.

மரைக்கும் நட்டுக்கும் இடையே சிறு ஆட்டம் எப்போதும் உண்டு. உயரத்தை மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்த ஆட்டம் இறுகாமல் நிற்கும், அதிர்வில் மோட்டர் தன் பாரத்தால் உட்கார்ந்துவிடும். எனவே வேண்டிய அளவுக்கு ஒரு சுற்றுக் கீழே போய், ஏற்றிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். பிறகு உயரம் நகராதபடி லிப்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது உயரம் கொஞ்சம் நகரும், ஆகவே அளவைப் பூட்டிய பின்தான் எடுக்க வேண்டும். மரையில் மரத்தூள் அடைத்திருந்தால் பிரஷால் தட்டிவிட்டு மெழுகு பூசுங்கள். எண்ணெய் வேண்டாம், தூளைப் பிடித்துக் களியாக்கும். கடற்கரைக் காற்றில் ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

எந்தப் பலகையை வெட்டினாலும் அதன் நடுவில் மட்டும் ஆழம் குறைந்தால் கதை வேறு: மேசை தொய்ந்திருக்கிறது. நேரான மட்டக்கோலைத் தட்டின் மேல் குறுக்காக வைத்து, கீழே ஒரு தாளை நுழையுங்கள். தாள் தாராளமாகப் போனால் அங்கே பள்ளம். ஒற்றை 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கனமான மோட்டரைத் தாங்காது. இரண்டை ஒட்டுங்கள், வெட்டிய ஓரங்களுக்கு சீலர் (ஈரம் தடுக்கும் பூச்சு) அடியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் முதலில் உப்புவது தட்டு உட்காரும் அந்தப் படிதான். தட்டு மேசையைவிட ஒரு மயிரளவு உயர்ந்தாலும் பலகையின் முனை தட்டி நிற்கும். மூலைத் திருகுகளை மாறி மாறித் திருகி, விரல் நுனியால் தடவிச் சமன்படுத்துங்கள்.

கேள்வி: பலகையைக் கையிலிருந்து பிடுங்கி எறிகிறது. ஏன்? (வாசகர், கிராண்ட்பாஸ்)

பதில்: இடமிருந்து வலமாகத் தள்ளுகிறீர்கள். மேசையில் தலைகீழாக நிற்கும் ரவுட்டரின் பிட் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். பென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் நேர்த்தடுப்பு) உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். பென்ஸுக்கும் பிட்டுக்கும் இடையே பலகையை ஒருபோதும் விடாதீர்கள். 80 மி.மீ. பிட்டை நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள், ஒரே தடவையில் முழு ஆழமும் வெட்டாதீர்கள். தேக்கானால் மூன்று நான்கு தடவையாக.