அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலோடு நின்றுவிடுமா?

கேள்வி: என் கணவர் 22 வருடம் கூரை வேலை செய்தவர். அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கிரைண்டரால் வெட்டுவார். தூசி படிந்த உடுப்புகளை நான்தான் கையால் துவைத்தேன். அவருடைய நெஞ்சு எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லையாம். வேறு உறுப்புகளிலும் புற்றுநோய் வருமா? எங்கள் கூரையையும் மாற்ற இருக்கிறோம்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வரலாம், அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா (உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய்) ஆகியவற்றுடன் குரல்வளை, சூலகப் புற்றுநோய்களுக்கும் அஸ்பெஸ்டஸ் காரணம் என்று 2009இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. குரல்வளை தவிர்ந்த தொண்டைப் பகுதி, இரைப்பை, பெருங்குடல் விடயத்தில் சான்று இன்னும் அரைகுறைதான். மீசோதீலியோமாவும் நெஞ்சில் மட்டும் வருவதல்ல, வயிற்றறையின் உள்ளுறையிலும் வரும்.

சூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நீங்களும் அந்தத் தூசியைச் சுவாசித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் வாயுக்கவசம் செய்த பெண்களிடம்தான் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. அது மிகக் கடுமையான தூசி. உங்களுக்கும் அதே அளவு ஆபத்து என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டு ஆண்களின் வேலைத் தூசிக்கு உட்பட்ட பெண்களின் சூலகங்களிலும் அஸ்பெஸ்டஸ் நார்களைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே துவைத்த கதையை நீங்கள் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும். அவராகக் கேட்கமாட்டார்.

எக்ஸ்-ரே தெளிவாக இருப்பது நல்ல செய்தி. ஆனால் அது தொண்டைக்கும் வயிற்றுக்கும் பதில் சொல்லாது. மீசோதீலியோமா வெளிப்பட 20 முதல் 40 வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். உங்கள் கணவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள். உங்களுக்கு வயிறு ஊதல், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி வாரக்கணக்கில் நீடித்தால் “காஸ்” என்று விட்டுவிடாதீர்கள். ஒரு அறிகுறியும் இல்லாதவர் சூலகத்துக்காக ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துப் பயனில்லை. உங்கள் கணவர் புகைப்பவரானால் இன்றே நிறுத்தட்டும். நுரையீரலிலும் குரல்வளையிலும் புகை இந்த ஆபத்தைப் பல மடங்காக்கும்.

கூரைக்கு வருவோம். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. சீற்றில் இப்போது இருப்பது வெள்ளை வகை, அதனால் தீங்கில்லை என்று பாஸ்மார் சொல்வார்கள். அது தவறு, எல்லா வகையும் புற்றுநோய் தரும். உடையாத சீற்று தலைக்கு மேல் கிடப்பதல்ல, வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசிதான் பெரிய ஆபத்து. சீற்றைத் தண்ணீரால் நனைத்து, ஆணியையோ போல்ட்டையோ கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். கிரைண்டர் வேண்டாம். துணி முகமூடி இந்த நாரைத் தடுக்காது. விழுந்த துகளை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு தடித்த பொலித்தீனில் கட்டுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள். இந்த முறை வேலை உடுப்பை நீங்கள் துவைக்க வேண்டாம், அதையும் கட்டி எறியுங்கள்.