பழைய லண்டன் வீட்டில் மரத்தரைக்கு அடியில் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் போடலாமா?

1930களில் கட்டிய செமி டிடாச்ட் வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது), கீழ்த்தளம் முழுவதும் பிரித்து வேலை நடக்கிறது, மரத்தரை போட ஆசை, ஆனால் அடியில் சூடு வைத்தால் பலகை வளைந்துவிடும் என்று பில்டர் பயமுறுத்துகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். எங்கள் வீடும் ஏறக்குறைய அதே காலத்து வீடுதான், அடியில் சூட்டுக் குழாய், மேலே ஓக் பலகை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் மரத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், குளிர்காலத்தில் அந்த அறை எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லாமே அதில்தான் இருக்கிறது.

மரத்தரையின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான பலகைத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் வரம்பு. அறையை 20 டிகிரியில் வைக்கவேண்டும் என்றால் தரைக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 7 டிகிரிதான், அதை வைத்து ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 70 வாட் சூடுதான் தரமுடியும். 20 சதுர மீட்டர் அறை என்றால் 1,400 வாட். அதிலும் அலமாரி, கிச்சன் யூனிட் நிற்கும் இடத்தில் குழாய் போடமாட்டார்கள், அதைக் கழித்துக்கொள்ளவேண்டும். சுவரில் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் இல்லாமல், வெளியே துருத்திய பெரிய பே விண்டோவும் இருக்கிற முன்னறைக்கு இது போதாமல் போகலாம். அப்படியானால் சுவரையும் ஜன்னலையும் முதலில் சரிசெய்யவேண்டும், இல்லையென்றால் ஒரு ரேடியேட்டரை விட்டுவைக்கவேண்டும். நாங்கள் முன்னறையில் ஒன்றை விட்டுவைத்தோம்.

அடுத்து, உங்கள் தரை எப்படிப்பட்டது? இந்தக் காலத்து வீடுகளில் முன்னறைகள் பெரும்பாலும் ஜாயிஸ்ட் என்கிற மரக்கட்டைகள் மேல் நிற்கும், கீழே வெற்றிடம். அங்கே கட்டைகளுக்கு நடுவில் இன்சுலேஷன் வைத்து, அதன்மேல் அலுமினியத் தகடு பதித்து, அதன் பள்ளத்தில் குழாயைப் படுக்கவைப்பார்கள். இன்சுலேஷன் இல்லாமல் செய்தால் நிறையச் சூடு கீழே வீணாகப் போகும், அந்த வேலையைச் செய்யாமலே இருக்கலாம். வெளிச்சுவரில் இருக்கும் காற்றோட்டச் செங்கல்களை மட்டும் தயவுசெய்து யாரும் அடைக்க விடாதீர்கள், குளிர் வருகிறது என்று சிலர் அடைத்துவிடுகிறார்கள், பிறகு ஈரம் தேங்கிக் கட்டைகளே உளுத்துப்போகும்.

சமையலறைப் பக்கம் கான்கிரீட்டாக இருந்தால் இன்சுலேஷன், குழாய், அதன்மேல் ஸ்க்ரீட், அதாவது குழாயை மூடித் தரையைச் சமமாக்கும் கலவை. இங்கேதான் பொறுமை வேண்டும். சிமெண்ட் ஸ்க்ரீட் முதல் 40 மில்லிமீட்டர் வரை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் காயும், அதற்கு மேல் இன்னும் மெதுவாக, ஆகவே 65 மில்லிமீட்டர் போட்டால் மூன்று மாதம் வரை ஆகலாம். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஒப்பு ஈரப்பதம் (RH) 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பலகை போட விடாதீர்கள், பில்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. பலகைக்கு முன்பே ஹீட்டிங்கை ஓடவிட்டு, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பார்க்கவும் வேண்டும். பலகை வளைந்தது என்று கேள்விப்படுகிற கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி இந்த ஈரம்தான், சூடு இல்லை.

பலகை என்றால் எஞ்சினியர்டு ஓக், 14 அல்லது 15 மில்லிமீட்டர். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது என்பதால் அதிகம் விரியாது, சுருங்காது. அகலமான முழுமரப் பலகை வேண்டாம், பீச், மேப்பிள் வேண்டவே வேண்டாம், அவை ஈரப்பதம் மாறினால் நிறைய அசையும். கான்கிரீட் பக்கம் நேராக ஒட்டிவிடுவது நல்லது, ஒட்டாமல் மிதக்கவிட்டால் நடுவில் வரும் அண்டர்லே என்கிற மெத்தை விரிப்பு சூட்டைத் தடுக்கும். அப்புறம், தடித்த கம்பளம் விரிக்காதீர்கள், அதன் அடியில் மட்டும் சூடு தேங்கி 27 டிகிரியைத் தாண்டிவிடும், வேறு மூலையில் தரைச் சூட்டை அளக்கும் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது.

மின்சார விரிப்பா, சுடுநீர்க் குழாயா? சின்னக் குளியலறைக்கு மின்சாரம் போதும். கீழ்த்தளம் முழுக்க என்றால் குழாய்தான், மின்சார யூனிட்டின் விலை இங்கே எரிவாயுவைவிடப் பல மடங்கு. குழாய்க்கு 35 முதல் 45 டிகிரித் தண்ணீரே போதும் என்பதால், பின்னாளில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தரும் ஹீட் பம்ப் வைத்தாலும் இதே குழாய்கள் உதவும்.

குழாய் போட்டதும் அழுத்தச் சோதனை செய்து, ஸ்க்ரீட் கொட்டும்போதும் அழுத்தத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் அளவு டேப்பை விரித்துவைத்து ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கதவு ஸ்டாப்பருக்கு யாராவது துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியவேண்டும்.