முறைக்காரன் கேலி

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை யூடியூபில், தமிழ்ப் படங்களைக் கேலி செய்த 'லொள்ளு சபா'வின் பழைய பகுதிகளை என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. "இதுல ஜோக் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். அதன்பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. கல்லூரி விடுதியில் ஒரே டி.வி. முன்னால் கூட்டமாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்த நிகழ்ச்சி அது. உண்மையிலேயே அது எப்போதாவது சிரிப்பாக இருந்ததா, இல்லை எங்கள் வயசுதான் சிரித்ததா? அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், அங்கே 50 வருடமாக ஓடும் நிகழ்ச்சியைப் பற்றியும் இதே பேச்சுதான் என்கிறார். என்.எஸ்.கிருஷ்ணனுக்கு முன்னால் இதெல்லாம் தூசு என்பார் என் அப்பா. உருவத்தைக் கேலி செய்வதும் இப்போது உறுத்துகிறது. கடைசியாக ஒன்று. நம் செட்டிநாடு வட்டிக் கணக்குக்குப் பேர் போன ஊர், சிரிப்புக்கு இல்லை. அதனால்தான் நமக்கு நல்ல நகைச்சுவையை அடையாளம் தெரியவில்லையோ?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. கொஞ்ச நாளாகவே கேலியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யார் யாரைக் கேலி செய்யலாம், எந்த இடத்தில் அது சிரிப்பாகிறது, எந்த இடத்தில் வெறும் வசவாகிவிடுகிறது என்று.

முதலில் என்.எஸ்.கிருஷ்ணனை இதிலிருந்து விட்டுவிடுங்கள். 1957இல் மறைந்த ஒரு பெரிய கலைஞரைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் வந்தவர்களையெல்லாம் தூசு என்பது ரசனை இல்லை, வாயடைக்கிற வேலை. நாடகக் கம்பெனியில் அடிபட்டு மேலே வந்தவர் அவர். சின்னப் பையன்களை அடிக்கத் தன்னைக் கம்பாக எடுப்பதை அவரே விரும்பியிருக்க மாட்டார்.

உங்கள் மச்சான் சொல்வது சரிதான். அவர் சொல்கிற 'சாட்டர்டே நைட் லைவ்' 1975 அக்டோபரில் தொடங்கியது. தான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது யார் நடித்தார்களோ அவர்கள்தான் உசத்தி என்று ஒவ்வொரு தலைமுறையும் அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த நிகழ்ச்சியில் மதிப்பு வேறொரு காரணத்தால். சனிக்கிழமை ராத்திரி 11:30க்கு நேரலை. அதற்கு முன்னால், அன்று மாலையே ஒரு கூட்டத்தை உட்காரவைத்து எல்லாவற்றையும் நடித்துக்காட்டுகிறார்கள். எடுபடாத துண்டுகளை வெட்டி எறிகிறார்கள். வாரம் முழுக்கத் தூங்காமல் எழுதியவனுடைய துண்டாக இருந்தாலும் போகும். இங்கே நம் டி.வி. நகைச்சுவைப் போட்டிகளில் நடுவர்கள் சோபாவில் உட்கார்ந்து முதல் வரிக்கே சரிந்து விழுகிறார்கள். அவர்களே சிரித்து முடித்துவிட்டால் வீட்டில் இருப்பவனுக்கு என்ன வேலை?

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்தபோது கோபம் வந்தது. செட்டிநாட்டுக்குச் சிரிப்பு தெரியாது என்று தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எழுதலாமா? செட்டிநாடு என்றால் முகப்பும் வளவும் பர்மாத் தேக்குத் தூணும் மட்டும்தானா? சுற்றுலாப் புத்தகம் போடுகிறவர்கள் அப்படிச் சொல்லட்டும். அந்தப் பெரிய வீடுகளுக்கு நடுவில், சுற்றிலும், கண்மாய்க் கரைகளில் எத்தனை கிராமம் இருக்கிறது? மாசி, பங்குனி வந்தால் அங்கே ராத்திரி என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? அறந்தாங்கி ரோட்டிலும் புதுக்கோட்டை ரோட்டிலும் சுவர் சுவராக நடிகர்களின் முகம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்ததே இல்லையா?

ஸ்பெஷல் நாடகத்தைச் சொல்கிறேன். நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளியான பபூன் இன்னொரு ஊர். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரிதான் மேடையில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டுப் போன கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், அந்தத் தைரியத்தில் விடிய விடிய ஆடுவார்கள். அவர் 1922இல் காலமானார். இன்னும் அவர் சோறு போடுகிறார்.

எங்கள் அப்பத்தா நாடகம் என்றால் விடமாட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள், என்னையும் இழுத்துக்கொண்டு. அன்றைக்கு 'வள்ளி திருமணம்'. முதலில் பபூன் வந்தான். பாட்டுப் பாடி முடித்துவிட்டு நேராகக் கூட்டத்தோடு பேசவில்லை, மிருதங்கக்காரரிடம் பேச ஆரம்பித்தான். அவர் "ஆமா", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊர்த் தலைவரான அம்பலம் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மீசைக்கு ஒரு அடி. விழாக் கமிட்டி கொடுத்த காப்பிக்கு ஒரு அடி. அப்புறம் சாமியிடமே போனான். "அண்ணே, விடிஞ்சா முருகனுக்குக் கல்யாணம். வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. மாமனாரு சாதாரண ஆளா? தேவேந்திரன்! அவருக்குத் தெரியாம ரெண்டாவது முடிக்கிறாரு, நம்மளையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காரு. நாளைக்குக் கேசு வந்தா இந்த ஊர் மொத்தமும் மதுரை கோர்ட்டுக்கு நடக்கணும்."

அப்பத்தா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் வழிந்தது. அம்பலம் மீசையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

பின்னிரவு. வேடனாக வந்து, கிழவனாக வந்து, யானையைக் காட்டிப் பயமுறுத்தி, கடைசியில் முருகன் தன் வடிவத்தில் நின்றான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரும் வழியில் நான் கேட்டேன், ராத்திரி அந்தச் சாமியைத்தானே அப்படிக் கேலி பண்ணினான், நீயும் சிரித்தாயே, இப்போது கும்பிடுகிறாயே என்று. அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "முறை உள்ளவுகளைத்தானடா கேலி பண்ணுவாக? தெருவுல போறவனையா கேலி பண்ணுவாக?" என்றாள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை யார் வேண்டுமானாலும் கிண்டல் செய்துவிட முடியுமா? கொழுந்தியாள் செய்யலாம், மச்சான் செய்யலாம், மாமன்காரன் செய்யலாம். பங்காளி வீட்டு ஆள் வாயைத் திறந்தால் அடிதடியில் முடியும். வார்த்தை ஒன்றேதான், சொல்கிற ஆளின் முறைதான் அதைச் சிரிப்பாக்குகிறது. 'லொள்ளு சபா' தமிழ் சினிமாவுக்கு முறைக்காரனாக இருந்தது. அதனால் அது சிரிப்பாக இருந்தது. உங்கள் வயசு சிரித்தது, விடுதிக் கூட்டம் சிரித்தது என்பதெல்லாம் பாதிப் பேச்சு. நீங்கள் அந்தப் படங்களை நம்பியிருந்தீர்கள். முதல் நாள் டிக்கெட்டுக்குச் சட்டையைக் கிழித்துக்கொண்டிருப்பீர்கள். நாயகன் ஒருவன் இருபது பேரை அடிக்கும்போது அந்த இருபது பேரும் ஏன் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வருகிறார்கள் என்று தியேட்டரில் உங்களுக்குத் தோன்றவே இல்லை, விசிலடித்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் நிகழ்ச்சியின் இயக்குநர் ராம்பாலாவும் அவர் ஆட்களும் வந்து, அட்டை செட்டில், ஒட்டாத மீசையில், அதே காட்சியைச் செய்துகாட்டிக் கேட்டார்கள்: ஏம்ப்பா, ஏன் ஒவ்வொருத்தனா வர்றீங்க? உங்களுக்குள் அடங்கிக் கிடந்த கேள்வி அது. வெளியே வந்ததும் வெடித்துச் சிரித்தீர்கள்.

சந்தானம் வசனத்தை விட்டுக் கழன்று பக்கத்து நடிகரைப் பார்க்கிற பார்வையை நினைத்துப் பாருங்கள். மனோகர் கையை ஆட்டிக்கொண்டு இழுத்து இழுத்துப் பேசியது, சுவாமிநாதன் முகத்தை வைத்துக்கொண்ட விதம், ஜீவா ரஜினியின் நடையை எடுத்தது. ரஜினியை உயிராக நினைக்காத ஒருவனுக்கு அந்த நடை வராது. எத்தனை தடவை கண்ணாடி முன்னால் நின்று நடந்திருந்தால் அந்தத் தோள் அப்படித் திரும்பும்! படத்தை ஃபிரேம் ஃபிரேமாக மனசில் வைத்திருந்தவர்கள்தான் அதைப் பிரித்துப் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பிற்பாடு அதே சினிமாவுக்குள் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சந்தானம் 2004இல் 'மன்மதன்' வழியாகப் போனார். கூட்டத்தில் ஓரமாக நின்ற யோகி பாபு இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். சேஷு 2024இல் காலமானபோதுகூட எல்லாரும் 'லொள்ளு சபா' சேஷு என்றுதான் எழுதினார்கள். அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு நிகழ்ச்சி ஒருவருக்கு வீட்டுப்பெயரைப் போல ஒட்டியிருக்கிறதென்றால் அது சும்மா வந்ததா?

உங்கள் மகளுக்கு அந்தப் படங்களோடு முறை இல்லை. அவள் அவற்றைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் நம்பவில்லை. நம்பாதவளுக்கு முன்னால் கேலியை மட்டும் கொண்டுபோய் வைத்தால் அது எப்படிச் சிரிப்பாகும்? முருகனை அறியாத ஒருவரை அந்தப் பபூனுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தால் அவரும் உங்கள் மகள் கேட்டதைத்தான் கேட்டிருப்பார்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறீர்கள். நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை என்று அவ்வளவு உறுதியாக எழுத வேறு வழியே இல்லை. பரீட்சை எழுதுகிறவளுக்குச் சிரிப்பு வருமா? நீங்கள் ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நீங்கள் சந்தோஷமாக இருந்த ஒரு காலத்துக்குள் அவளையும் ஒரு தடவை கூட்டிப்போக ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அந்த ஆசையில் குற்றமே இல்லை. அவள் வரவில்லை என்றதும் அந்தக் காலமே பொய் என்று முடிவு கட்டினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விடுதியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருவருக்கு இன்று போன் செய்து, அப்போது நாம் சிரித்தது நிஜமா என்று கேட்டுப் பாருங்கள், அவர் உங்களைத் திட்டுவார்.

உருவக் கேலி விஷயத்தில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு. 'லொள்ளு சபா'விலும் அது இருந்தது, பின்னால் வந்தவற்றில் பெருகிவிட்டது. கறுப்பாக இருப்பவன், குண்டாக இருப்பவள், சேலை கட்டிய ஆண் என்று வந்து நின்றாலே சிரிப்பு என்று ஆனது. அவர்கள் யாரும் திரும்பிப் பேச முடியாதவர்கள், கேலி செய்கிறவனுக்கு அவர்களோடு எந்த முறையும் இல்லை. அம்பலத்தின் மீசையைத் தொட்ட பபூனுக்கு இருந்த துணிச்சல் அதில் எங்கே இருக்கிறது? 'கலக்கப் போவது யாரு' என்ற டி.வி. போட்டி திறமைக்காரர்களைக் கொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். கோவை குணா, மதுரை முத்து, ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி, ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு முன்னால் நின்று கற்றுக்கொண்டவர்கள். 'அது இது எது'வில் வந்த 'சிரிச்சா போச்சு' சுற்று எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். எதிரே ஒருவர் சிரிக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கலைஞன் அவரை உடைக்க வேண்டும். அங்கே ஏமாற்ற முடியாது.

இரண்டு காரியம் செய்யுங்கள். வருகிற பங்குனியில் பக்கத்தில் எந்த ஊரில் நாடகம் என்று விசாரித்து மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பபூன் உள்ளே போனதும் எழுந்து வந்துவிடாதீர்கள், வள்ளி பரண்மேல் ஏறி ஆலோலம் பாடுகிற வரைக்குமாவது இருங்கள். இன்னொன்று, இந்த வாரமே செய்யக்கூடியது. அவள் போனில் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு அது விளங்காது. எதைக் கேலி செய்கிறார்கள் என்று கேளுங்கள், அவள் விளக்குவாள், பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் 'லொள்ளு சபா'வை அவளுக்குக் காட்டியே தீருவேன் என்றால், முதலில் மூலப் படத்தைப் போடுங்கள். படம் அவளுக்குப் பிடித்திருந்தால் மறுநாள் கேலியைப் போடலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் பாருங்கள்.

அன்புடன்.