எட்டு தெரிய வேண்டிய இடத்தில் நான்கு: லினக்ஸில் ஹைப்பர் த்ரெடிங்கை இயக்குவது எப்படி?

கேள்வி: பயன்படுத்திய மேசைக் கணினி ஒன்றை வாங்கி உபுண்டு நிறுவியிருக்கிறேன். செயலி இன்டெல் கோர் ஐ7-4770. இதற்கு நான்கு கோர், எட்டு த்ரெட் என்று படித்தேன். சிஸ்டம் மானிட்டரிலோ நான்குதான் தெரிகிறது. ஆனால் செயலி விவரக் கோப்பில் 'எச்டி' என்ற குறி இருக்கிறது. ஹைப்பர் த்ரெடிங் ஓடுகிறதா, இல்லையா? இதற்கென்று ஏதாவது நிறுவ வேண்டுமா?

பதில்: ஹைப்பர் த்ரெடிங், அதாவது ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்களை (நிரலின் தனித்தனி வேலை ஓட்டங்களை) இயக்கும் வசதி, உங்கள் கணினியில் ஓடவில்லை. நிறுவ வேண்டியதும் எதுவுமில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு இந்த வசதி நன்றாகவே தெரியும். யாரோ எங்கோ அணைத்து வைத்திருக்கிறார்கள். அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் அந்த 'எச்டி' குறியை மறந்துவிடுங்கள். அது பலரை அலைய விட்டிருக்கிறது. ஹைப்பர் த்ரெடிங்கே இல்லாத பல கோர் செயலிகளிலும் அந்தக் குறி இருக்கும். அதற்குப் பதிலாக, டெர்மினலில் எல்-எஸ்-சி-பி-யு என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்று ஒரு வரி இருக்கும். 2 என்றால் வசதி இயங்குகிறது. உங்களுக்கு 1 என்று வரும். அதே பட்டியலில் மொத்தச் செயலிகள் 8, அவற்றில் 4 முதல் 7 வரை ஆஃப்லைன் என்று இருந்தால், அணைத்தது கெர்னல். மொத்தமே 4 என்றால், கணினி தொடங்கும்போது வன்பொருளை அமைக்கும் பயாஸ். பயன்படுத்திய கணினிகளில் பெரும்பாலும் பயாஸாகத்தான் இருக்கும்.

பயாஸ் என்றால், கணினியை மறுதொடக்கம் செய்து, திரை ஒளிர்ந்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்துங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் சிபியு கான்ஃபிகரேஷன் என்பதன் கீழ் ஹைப்பர் த்ரெடிங் என்ற வரி இருக்கும். அதை எனேபிள்டு ஆக்கிச் சேமியுங்கள். ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் எஸ்எம்டி என்ற பெயரைத் தேட வேண்டும். தொழில்நுட்பம் ஒன்றுதான், ஹைப்பர் த்ரெடிங் என்பது இன்டெல் வைத்த பெயர். பக்கத்திலேயே இயங்கும் கோர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வரியும் இருக்கக்கூடும், அதைத் தொடாதீர்கள்.

கெர்னல்தான் காரணம் என்றால் இன்னும் எளிது. 2018இல் வந்த 4.19ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு கோப்பு உண்டு. 'சிஸ்' கோப்பகத்தில் டிவைசஸ், சிஸ்டம், சிபியு, எஸ்எம்டி என்று வரிசையாக உள்ளே போனால் 'கன்ட்ரோல்' என்ற கோப்பைக் காண்பீர்கள். அதில் 'ஆஃப்' என்று இருந்தால், ரூட் (நிர்வாகி) உரிமையோடு 'ஆன்' என்று எழுதுங்கள். மறுதொடக்கம்கூட இல்லாமல் நான்கு எட்டாகும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: எழுத்தை வெளியிடும் எக்கோ கட்டளைக்கு முன்னால், ரூட் உரிமை தரும் சூடோவைப் போட்டு, அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, உங்கள் சாதாரண ஷெல். எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக, ரூட் உரிமையோடு கோப்பில் எழுதும் 'சூடோ டீ' கட்டளைக்கு அனுப்புங்கள். கோப்பில் 'ஃபோர்ஸ்ஆஃப்' என்று இருந்தால் இந்த வழி பலிக்காது.

அந்த மாற்றம் அடுத்த மறுதொடக்கம் வரைதான் நிற்கும். நிரந்தரமாக்க, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்புக் கோப்பில் கெர்னலுக்கு அனுப்பப்படும் வரியில் 'நோஎஸ்எம்டி' என்ற சொல் தனியாகவோ, 'மிட்டிகேஷன்ஸ்' என்பதன் வாலாகவோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல்லை மட்டும் நீக்கி, 'அப்டேட்-க்ரப்' ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும்? எட்டு கோர் கிடைக்காது. ஒரு கோர் நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரத்தில், சும்மா இருக்கும் அதன் கணக்கிடும் பகுதிகளை இன்னொரு த்ரெட் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். 2002இல் இதை அறிமுகப்படுத்தியபோது, சில்லின் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான கூடுதலுக்கு 30 சதவீதம் வரை வேகம் கூடும் என்று இன்டெல் சொன்னது. அந்த 'வரை' முக்கியம். மென்பொருளைத் தொகுப்பது, வீடியோவை மாற்றுவது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது ஆகிய வேலைகளில் பலன் கண்ணுக்குத் தெரியும். ஒரே த்ரெட்டில் ஓடும் நிரலுக்கு ஒன்றும் கிடைக்காது. கணக்கிடும் பகுதிகளை ஏற்கெனவே முழுதாகப் பிழிந்தெடுக்கும் அறிவியல் நிரல்கள் சில சமயம் மெதுவாவதும் உண்டு. எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் விட்டால் ராமும் அதற்கேற்ப வேண்டும்.

முன்பு வைத்திருந்தவர் வேண்டுமென்றே அணைத்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே கோரைப் பகிரும் இரண்டு த்ரெட்களில் ஒன்று மற்றொன்றின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழிவிடும் குறைகள் 2018 ஆகஸ்டிலும் 2019 மே மாதத்திலும் வெளியாயின. உங்கள் செயலியின் தலைமுறையை அந்த இரண்டு குறைகளும் பாதிக்கும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2018 ஜூனிலேயே இந்த வசதியை இயல்பாக அணைத்துவிட்டது. நம்பிக்கையில்லாத மெய்நிகர் கணினிகளை நீங்கள் ஓட்டுவதாக இருந்தால் நான்கோடு இருங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் மட்டும் பயன்படுத்தும் மேசைக் கணினி, கெர்னலும் மைக்ரோகோடும் (செயலிக்குள் ஓடும் நுண்நிரல்) பிரவுசரும் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுகின்றன என்றால், நானாக இருந்தால் இயக்கிவிடுவேன். இயக்கிய பிறகு, அதே சிபியு கோப்பகத்தில் 'வல்னரபிலிட்டீஸ்' பிரிவைத் திறந்து பாருங்கள். எந்தக் குறைக்குத் தடுப்பு இருக்கிறது, எஸ்எம்டியால் எது இன்னும் திறந்திருக்கிறது என்று கெர்னல் அங்கே வரிவரியாக எழுதி வைத்திருக்கும்.