ஒரு மரபணுவை எடுத்துவிட்டு "எலிக்கு ஞாபகசக்தி போய்விட்டது" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சுலபமாகச் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. நான் கொஞ்ச காலம் ஒரு ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் (சோதனை விலங்குகளை வளர்க்கும் இடம்) வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எலியின் ஞாபகசக்தியை அளக்கும் நீச்சல் தொட்டிச் சோதனையையே எடுத்துக்கொள்ளலாம், ரிச்சர்ட் மோரிஸ் 1980களில் கொண்டுவந்தது. வட்டத் தொட்டி, கலங்கலாக்கிய தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து எலி மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும், நாளாக ஆக நேரம் குறைந்தால் கற்றுக்கொள்கிறது என்று கணக்கு. குறையாவிட்டால் "மறதி" என்று எழுதக் கை துறுதுறுக்கும். சரி, அந்த எலிக்குக் கண் தெரியுமா? எஃப்விபி வகை எலிகளுக்குப் பரம்பரைக் கோளாறால் பிறந்த சில வாரங்களிலேயே விழித்திரை கெட்டுவிடும். உலகம் முழுக்கப் புழங்கும் பிளாக் 6 வகைக்கோ வயது ஏற ஏறக் காது மந்தம். செவிட்டு எலி சத்தத்துக்குத் துள்ளவில்லை என்பதால் அதைத் தைரியசாலி ஆக்கிவிட முடியுமா!

அதனால்தான் ஒரே சோதனையை நம்பாமல் தலை முதல் வால் வரை வரிசையாகப் பார்க்கிறார்கள். 2011இல் தொடங்கிய ஐஎம்பிசி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒவ்வொரு மரபணுவாகச் செயலிழக்கச் செய்து, சுமார் 9 வார வயதிலிருந்து 16 வார வயது வரை எலிகளைச் சோதிக்கிறது: திறந்த பெட்டியில் ஓடவிடுவது, பிடிமான பலம், திடீர் சத்தத்துக்குத் துள்ளுகிறதா என்பது, சர்க்கரை, எக்ஸ்ரே, காது, கண், ரத்தம். ஆண், பெண் இரண்டும் கட்டாயம். இப்படி 3,006 மரபணுக்களைச் சலித்ததில் 67 மரபணுக்கள் காது கேளாமையோடு தொடர்புள்ளவை என்று 2017இல் வெளியிட்டார்கள். அதில் 52 அதுவரை யாரும் சந்தேகப்படாதவை.

ஆனால் முறையை ஒன்றாக்கிவிட்டால் எல்லா ஊரிலும் ஒரே விடை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 1999இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் என்ற மூன்று ஆய்வாளர்களும் போர்ட்லாண்ட், எட்மன்டன், ஆல்பனி ஆய்வகங்களில் அதே எலி வகைகள், ஒரே கருவி, ஒரே நாள், ஒரே உள்ளூர் நேரம் என்று முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். எலி வகைகளுக்கு இடையிலான பெரிய வித்தியாசங்கள் மூன்று இடத்திலும் தெரிந்தன, சின்னவை ஊருக்கு ஊர் மாறின. ஒரு ஊரில் சோதனை செய்தவருக்கு எலி அலர்ஜி, முகத்தில் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார். அதை எந்தக் கையேட்டில் சேர்ப்பது? ஆண்களின் வாசனைக்கே, அவர்கள் போட்ட டி-ஷர்ட்டுக்கே கூட, எலிகள் மிரண்டு வலியைக் குறைவாகக் காட்டின என்று 2014இல் மான்ட்ரியல் குழு ஒன்று காட்டியது. வாலைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதில் குழாய்க்குள் ஏறவிட்டுத் தூக்கினாலே பதற்றம் குறைகிறது, இதை நம்மூர் அனிமல் ஹவுஸ்களில் இன்றைக்கே செய்யலாம், செலவும் பெரிதாகக் கிடையாது.

நான் சென்னை தண்டையார்பேட்டைக்காரன். ராத்திரி முழுக்க துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். "உங்க ஏரியாவுல ஆய்வகம் வெச்சா எலிக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்" என்று நண்பன் கிண்டலடிப்பான். சுண்டெலிக்கு ஏறக்குறைய 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காது, அதனால் லாரியின் உறுமல் பெரும்பாலும் அதற்குப் பொருட்டே இல்லை, தரை அதிர்வதுதான் தொல்லை. நம் காதுக்கே எட்டாத மேல் ஸ்தாயியில் ஏதாவது மின்கருவி கீச்சிட்டால் அது துடித்துப்போகும். ஆடி மாத அம்மன் கோயில் ஸ்பீக்கர் வேறு கதை, அது எலிக்கும் நன்றாகவே கேட்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி படித்தால், மூல ஆய்வுக் கட்டுரையில் எலியின் வகை எது, இரு பாலும் இருந்ததா என்று தேடுங்கள். அப்புறம், மேடையைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்தும் நீந்தவிட்டார்களா என்று பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் மேடைக்கே எலி போய்ச் சேரவில்லை என்றால் கண்ணையோ காலையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.